பிங்க் டாட் மாலையும் மூடிய அரங்குகளும்: சிங்கப்பூர்த் தமிழருக்கு எது உதவும்?

ஹோங் லிம் பூங்காவை முதன்முறை பார்ப்பவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்பதுண்டு. ஒரு புல்வெளி, ஓரமாகச் சில மரங்கள், சுற்றிலும் ஹோட்டல்களும் அலுவலகக் கட்டடங்களும். இந்தச் சின்ன இடத்தில்தான் 2009 மே 16ஆம் தேதி முதல் பிங்க் டாட் நடந்தது. அன்று வந்தவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். 2015இல் வந்தவர்கள் 28,000 பேர் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குச் சொன்னார்கள். கூட்டம் பெருத்தது, புல்வெளி பெருக்கவில்லை. போகிறவர்கள் திட்டமிட வேண்டியது இதை வைத்துத்தான்.

தன்பாலீர்ப்பினருக்கும் திருநர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆகப் பெரிய பொதுநிகழ்ச்சி இது. அனுமதிச்சீட்டு கிடையாது, கட்டணம் கிடையாது. ஜூன் அல்லது ஜூலையில் ஒரு சனிக்கிழமை, பிற்பகலில் தொடங்கி இரவு வரை நடக்கும். முதலில் அமைப்புகளின் கூடாரங்கள், பிறகு மேடை நிகழ்ச்சி, இருட்டியதும் எல்லாரும் இளஞ்சிவப்பு விளக்கை உயர்த்திப் பிடிக்க, உயரத்திலிருந்து ஒரு படம். தொடக்க ஆண்டுகளில் படம் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. 2012இல்தான் இரவுக்கு மாறியது. 2019இல் விளக்குகளால் எழுதப்பட்டது, ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவை நீக்கு என்ற கோரிக்கை. 2022 நவம்பரில் நாடாளுமன்றம் அதை நீக்கியது, 2023 ஜனவரி 3ஆம் தேதி நீக்கம் நடப்புக்கு வந்தது. அந்த ஆண்டு எழுதப்பட்ட சொல் 'குடும்பம்'.

நிறத்துக்கும் காரணம் உண்டு. கொடியின் சிவப்பும் வெள்ளையும் கலந்தால் வருவது அந்த நிறம். குடிமக்களின் அடையாள அட்டையும் அதே நிறம். அந்த அட்டையையே இங்கே முதலில் பேசவேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழ்ச் சமூகத்தில் பலருக்கு வாசல் அங்கேதான் அடைபடுகிறது.

2016 இறுதியில் விதி மாறியது. ஹோங் லிம் பூங்காவில் உள்ள பேச்சாளர் முனையில் நடக்கும் ஒன்றுகூடலில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே காவல்துறை அனுமதியின்றிக் கலந்துகொள்ளலாம். இளஞ்சிவப்பு அட்டைக்காரரும் நீல அட்டைக்காரரும் போகலாம். வேலை அனுமதிச்சீட்டு, எஸ் பாஸ், வேலைவாய்ப்பு அனுமதி, மாணவர் அட்டை ஆகியவற்றில் இருப்பவர்கள் போகக்கூடாது. "நான் பங்கெடுக்கவில்லை, ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன்" என்பதும் செல்லாது. பங்கேற்பவர், பார்வையாளர் என்ற வேறுபாட்டைச் சட்டம் இப்போது பார்ப்பதில்லை. மீறினால் போனவருக்கும் சிக்கல், ஏற்பாட்டாளருக்கும் சிக்கல். 2017இல் பூங்காவைச் சுற்றித் தடுப்பு போட்டு, ஒவ்வொருவரின் அட்டையையும் பார்த்தே உள்ளே விட்டார்கள். எந்த ஆண்டு எவ்வளவு கெடுபிடி என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகவேண்டாம். அசல் அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தின் அடையாளச் செயலியான சிங்பாஸிலும் அட்டை இருக்கிறதே என்று நம்பிப் போனால், ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் இணையம் திணறும்போது வாசலில் நின்று தவிக்க நேரலாம்.

திருச்சியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்து கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்கு இந்த விதி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் சொல்ல முடியாததை இங்கேயாவது நாலு பேரோடு சேர்ந்து நின்று உணர நினைப்பவர் அவர். அவரை "சும்மா வாங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று இழுத்துச் செல்லாதீர்கள். பறிபோவது அவருடைய வேலையாக இருக்கும். அவருக்கான வழி உள்ளரங்குகளில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறோம்.

இனி பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு. பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்குள் போய்விட்டால் கூடாரங்களை நிதானமாகப் பார்க்கலாம். இந்த நிகழ்ச்சியின் உண்மையான பயன் மேடையில் இல்லை, கூடாரங்களில்தான். 1999இலிருந்து ஆலோசனைச் சேவை தரும் ஊகாசாகா, 2006இல் தொடங்கிய பெண்களுக்கான சயோனி போன்ற அமைப்புகளைப் பற்றி இணையத்தில் படிப்பது வேறு, அங்கே வேலை செய்பவரை நேரில் பார்த்து "வீட்டில் தமிழ் மட்டும் பேசும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?" என்று கேட்பது வேறு. ஆறு மணிக்குமேல் நெரிசலில் அந்தப் பேச்சு நடக்காது. பெயர்ப் பட்டியலில் எழுதும்போது, நீங்கள் மட்டும் திறக்கும் மின்னஞ்சலைக் கொடுங்கள். குடும்பத்துக்குப் பொதுவான கணினியில் திறந்தே கிடக்கும் முகவரியைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவது அடிக்கடி நடக்கும் தவறு.

பாய் ஒன்று எடுத்துப் போங்கள், இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு மேல் வேண்டாம். அகலமாக விரித்தால் ஐந்து மணிக்குமேல் மடக்கச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். குடையைவிட மழையங்கி நல்லது: மழை வந்தால் குடை பின்னால் இருப்பவர் கண்ணை மறைக்கும், நெரிசலில் கம்பி குத்தும். மழைக்குப் பிறகு புல்தரை சேறாகிவிடும், வெள்ளைக் காலணி வேண்டாம். விளக்குக்கு விலை கொடுக்கத் தேவையில்லை. தேக்காவிலோ அக்கம்பக்கக் கடையிலோ இளஞ்சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கி, இரண்டாக மடித்துக் கைப்பேசி விளக்கின்மேல் ஒட்டினால் போதும். ஒற்றையாக ஒட்டினால் வெளிச்சம் வெள்ளையாகத்தான் தெரியும். இன்னொன்று, மின்கலத்தை மிச்சம் வையுங்கள். மாலை முழுக்கக் காணொளி எடுத்துவிட்டு, எட்டு மணிக்குக் கைப்பேசி அணைந்து இருட்டில் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

முகம் வெளியே தெரியக்கூடாது என்பவர்களுக்கு: உயரத்திலிருந்து எடுக்கும் இரவுப் படத்தில் யாருடைய முகமும் தெரியாது, அதற்கு அஞ்சவேண்டாம். ஆபத்து மேடைக்கு முன்னால், செய்தியாளர்கள் நிற்கும் இடத்தில், பக்கத்தில் இருப்பவர் எடுக்கும் தற்படத்தில். மரத்தோரம் உட்காருங்கள், தொப்பியும் முகக்கவசமும் போடுங்கள், உடன் வரும் நண்பர்களிடம் "என் பெயரைச் சேர்த்துப் பதிவிடாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

போக்குவரத்தில் ஒரு சின்ன உபாயம். வருவதற்கு கிளார்க் கீ நிலையம் வசதி. லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டே நிறுத்தம். ஆனால் திரும்பும்போது மொத்தக் கூட்டமும் அந்த நிலையத்துக்குள்தான் இறங்கும். அப்போது எதிர்த்திசையில் நடந்து சைனாடவுன் நிலையத்துக்குப் போங்கள். லிட்டில் இந்தியா பக்கம் போகும் ரயிலுக்கு அது கிளார்க் கீக்கு முந்தைய நிறுத்தம் என்பதால், கூட்டம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் ரயிலில் இருப்பீர்கள். வயதானவர்களுடன் வந்திருந்தால் இது பெரிய உதவி.

வயதானவர்களைப் பற்றிச் சொன்னதால் மொழிக்கு வருகிறோம். பேச்சாளர் முனை விதிகளின்படி நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதிலும் பேசலாம். தமிழுக்குத் தடை ஏதும் இல்லை. இருந்தும் பிங்க் டாட் மேடையில் ஓங்கி நிற்பது ஆங்கிலம். இதை நாங்கள் பெரிய குறையாகவே கருதுகிறோம். மகனையோ மகளையோ புரிந்துகொள்ள ஓர் அம்மா துணிந்து வந்து புல்தரையில் உட்கார்ந்திருக்கும்போது, அவருக்குப் புரியும் மொழியில் ஐந்து நிமிடம் ஒரு தாய் பேசினால் அதன் எடை வேறு. அதுவரை, பக்கத்தில் இருந்து மெல்லச் சொல்லித்தர ஒருவர் கட்டாயம் வேண்டும். அம்மாவை மாலை ஆறு மணிக்கு மேல், வெயில் தாழ்ந்தபின் அழைத்து வாருங்கள். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டு வாருங்கள். மூன்று மணி வெயிலில் பாயில் உட்காரவைத்தால், முட்டி வலிதான் அவருக்கு நினைவில் நிற்கும்.

சொல்லித்தரும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். செய்திகளில் பழகிப்போன 'ஓரினச்சேர்க்கை' ஒரு செயலை மட்டுமே சுட்டுகிறது. அம்மாவின் மனம் நேரே படுக்கையறைக்குப் போய்விடும். 'தன்பாலீர்ப்பு' என்றால் ஈர்ப்பு, அன்பு, துணை என்று பேச்சு வேறு திசையில் போகும். 'திருநங்கை' என்ற சொல் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கும் நன்றாக வேரூன்றிவிட்டது. 'திருநம்பி' (பெண்ணாகக் கருதப்பட்டுப் பிறந்து ஆணாக வாழ்பவர்) இன்னும் பலருக்குப் புதிது, விளக்கிச் சொல்லுங்கள்.

பூங்கா ஆண்டுக்கு ஒரு நாள். மீதி நாள்களுக்கு அரங்குகள். வைல்ட் ரைஸ் நாடகக் குழு 2019இல் ஃபுனான் கட்டடத்தின் 4ஆம் தளத்தில் சொந்த அரங்கு திறந்தது. தன்பாலீர்ப்பினரின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாகத் தயங்காமல் மேடையேற்றிவரும் குழு அது. 358 இருக்கைகள், மேடை பார்வையாளர்களுக்குள் நீண்டிருக்கும், மூன்று பக்கமும் ஆள்கள். ஓர இருக்கையில் சில காட்சிகளில் நடிகரின் முதுகைப் பார்க்க நேரும், ஆனால் எந்த இருக்கையும் மேடையிலிருந்து தொலைவில் இல்லை. முதல்முறை என்றால் நடுப்பகுதியில் எடுங்கள். இங்கே குடியுரிமைக் கட்டுப்பாடு கிடையாது, நுழைவுச்சீட்டு இருந்தால் போதும். மேலே சொன்ன அந்தத் தம்பியைத் தாராளமாக அழைத்துப் போகலாம். ஞாயிறு பிற்பகல் காட்சி இருந்தால் அதைப் பாருங்கள், அவருக்கு விடுப்பு கிடைப்பது பெரும்பாலும் அன்றுதான்.

நுழைவுச்சீட்டு வாங்குமுன் வயது வரம்பைப் பாருங்கள். 377ஏ போன பிறகும் ஊடக வகைப்பாட்டுக் கொள்கை தளரவில்லை என்று அரசாங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாடகத்துக்கு 'ஆர்18' என்றால் 18 வயது நிரம்பாதவருக்கு அனுமதி இல்லை. 'அட்வைசரி 16' என்பது அறிவுரை. திரைப்படத்துக்கு 'ஆர்21' என்றால் 21 வயது, வாசலில் அட்டை கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும் தங்கைக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டு வாசலில் திரும்பவேண்டியிருந்தால் பணமும் போகும், மாலையும் போகும். திரைப்படங்களுக்கு நல்ல இடமாக இருந்த புரொஜெக்டர் திரையரங்கு 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது பெரிய இழப்பு. நண்பர்களோடு படம் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பேசும் வசதி அங்கே இருந்தது.

தமிழ் நிகழ்ச்சிகளில்தான் பசி தீரவில்லை. ஏப்ரலில் தமிழ்மொழி விழா, நவம்பரில் எழுத்தாளர் விழாவும் எஸ்பிளனேட் கலை மையத்தின் இந்தியக் கலைவிழாவான கலா உற்சவமும் என்று மேடைகளுக்குக் குறைவில்லை. நிகழ்ச்சி நிரல் வந்ததும் தமிழ்ப் பகுதியை ஒன்றுவிடாமல் படியுங்கள். இந்தப் பொருள் தலைப்பில் வராது, கவிதை வாசிப்பிலோ சிறுகதை உரையாடலிலோ ஓரமாக வரும். கேள்வி நேரத்தில் தமிழில் ஒரு கேள்வி கேளுங்கள். ஏற்பாட்டாளருக்குத் தரும் கருத்துப் படிவத்தில் இப்படி ஓர் அமர்வு வேண்டும் என்று தமிழிலேயே எழுதுங்கள். அடுத்த ஆண்டு நிரலைத் தீட்டுபவர் கையில் அந்தத் தாள் இருக்கும்.

ஆலோசனைச் சேவையை நாடுபவர்கள் முதல் செய்தியிலேயே மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: தமிழ் பேசும் ஆலோசகர் உண்டா, கட்டணம் எவ்வளவு, வீட்டுக்குக் கடிதமோ அழைப்போ வருமா. வாட்ஸ்அப்பில் பேசுவதானால், பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி முன்னோட்டத்தை அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.