ஸ்டாரா, தனி நாற்காலியா, அமைதி மூலையா? பாலர் வகுப்பில் எது எப்போது எடுபடும்

அங்கன்வாடியில் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். உதவியாளர் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் 20 பிள்ளைகளும் ஒருவர் பொறுப்பு. அப்போது ஒன்று இன்னொன்றைக் கடித்துவிட்டால் என்ன செய்வது? அடி, மிரட்டல், கேலி மூன்றும் கூடாது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பிறகு கையில் இருப்பவை மூன்று வழிகள். மூன்றுமே நல்லவைதான். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே நீட்டும்போது மூன்றுமே கெட்டுவிடும்.

ஸ்டார் ஸ்டிக்கர்

பிள்ளைக்குத் தானாக ஆசை வராத, ஆனால் பழகியே ஆகவேண்டிய வேலைக்கு இது பொருந்தும்: சாப்பிடுமுன் கை கழுவுவது, சிறுநீர் வந்தால் சொல்வது. ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் மட்டும். செய்த உடனே கொடுக்க வேண்டும்; 3 வயதுப் பிள்ளைக்குச் சாயங்காலம் என்பது எட்டாத தூரம். கொடுக்கும்போது ‘சமத்து’ என்று நிறுத்தாமல், ‘சோப்பு போட்டு விரல் இடுக்கெல்லாம் தேய்ச்சுட்டியே’ என்று செய்ததைச் சொல்லுங்கள். 2 வாரத்தில் ஸ்டிக்கரை இடைவெளி விட்டுக் குறைத்து, அந்தச் சொல்லை மட்டும் மிச்சம் வையுங்கள்.

ஏற்கெனவே ஆசையாகச் செய்யும் வேலைக்கு ஸ்டிக்கர் கொடுத்தால் ஆசையே குறையும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் இதைச் சோதித்தார்கள். ‘படம் வரைந்தால் தங்க நட்சத்திரச் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்டு அதைப் பெற்ற பிள்ளைகள், பிற்பாடு மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

சுவரில் பெயர்ப் பட்டியல் மாட்டி ஸ்டார் ஒட்டுவதை விட்டுவிடலாம். அதே 5 பேருக்கே சேரும். வெறுங்கோடாக நிற்கும் பெயருக்குரிய பிள்ளை முயற்சியைக் கைவிடும். கொடுத்ததைப் பிடுங்கவே கூடாது.

தனியே உட்கார வைப்பது

இதை ஆங்கிலத்தில் டைம் அவுட் என்பார்கள். அதன் உண்மையான பொருள், சுவாரசியமான ஒன்றிலிருந்து சிறிது நேரம் விலக்கிவைப்பது. இதை மறந்தால் வழியே தலைகீழாகும். வட்டமாக உட்கார்ந்து எழுத்து சொல்லும் நேரம் அலுத்துப்போய்த்தான் பக்கத்துப் பிள்ளையை ஒருவன் தள்ளுகிறான் என்றால், எழுப்பி ஓரமாக அனுப்புவது அவனுக்குப் பரிசு. நாளைக்கும் தள்ளுவான்.

அடித்தல், கடித்தல் இரண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு: 3 வயதுக்கு 3 நிமிடம். அதற்குக் குறைந்த வயதுக்கு வேண்டாம். கண் பார்வையில் இருக்க வேண்டும். சுவர் பார்த்து நிற்க வைப்பதும் கதவுக்கு வெளியே விடுவதும் அவமானப்படுத்துவதுதான். முதலில் கடிபட்ட பிள்ளையைக் கவனியுங்கள். பிறகு கடித்த பிள்ளையிடம் ஒரே வரி: ‘கடிச்சா வலிக்கும். வேணும்னா குடுன்னு கேளு.’ நேரம் முடிந்ததும் உபதேசம் இல்லாமல் விளையாட்டில் சேர்த்துவிட வேண்டும். ஒற்றை அறை மையங்களில் இந்த வழிக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. எல்லார் பார்வையும் அந்த நாற்காலி மேல்தான். சில நாளிலேயே ‘அடிக்கிற பையன்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

அமைதி மூலை

ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு படப் புத்தகம், ஊதிச் சுற்றவிடக் காகிதக் காற்றாடி. காற்றாடியை ஊதினால் மூச்சு தானாக நீளும், அழுகை தணியும். இங்கே யாரும் அனுப்பப்படுவதில்லை. பிள்ளை தானாகப் போகும், அல்லது பெரியவர் கூடப் போய் உட்காருவார். கோபத்தில் உடைந்து அழும் பிள்ளைக்கு மூன்றில் இதுவே ஏற்றது என்பது எங்கள் முடிவு. உச்ச அழுகையில் காதில் எதுவும் ஏறாது; அடங்கிய பிறகுதான் பேச்சு.

கெடுவது இரண்டு இடத்தில். அழுகை நடுவே முதல்முறையாக அறிமுகப்படுத்துவது ஒன்று. முதல் வாரம் எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போதே ஒவ்வொருவராகப் பழக்க வேண்டும். மற்றது, ‘போ, மூலைக்குப் போ’ என்று அதட்டுவது. அன்றோடு அது பெயர் மாறிய தண்டனை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

3 நாள் ஒரு நோட்டில் குறியுங்கள்: மணி, அதற்குச் சற்றுமுன் நடந்தது, பிள்ளை செய்தது, செய்ததால் அதற்குக் கிடைத்தது. தள்ளுமுள்ளு பெரும்பாலும் கை கழுவும் வரிசையில் என்று தெரிந்தால், மூன்று வழியும் தேவைப்படாது. ஒரு குழாய், ஆளுக்கு 30 விநாடி, 20 பிள்ளைகள் என்றால் கடைசிப் பிள்ளை ஏறக்குறைய 10 நிமிடம் நிற்கிறது. 5 பேராக அனுப்பி, மற்றவர்களைப் பாட்டுப் பாட உட்கார வைத்தால் வரிசையில் நிற்பது இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கும்.

இத்தனையும் செய்து ஒரு மாதம் ஆகியும் ஒரு பிள்ளை தினமும் அடிக்கிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, வயதுக்கேற்ற பேச்சு வரவில்லை என்றால் அது ஒழுங்குப் பிரச்சினை அல்ல. காதும் பேச்சும் பரிசோதிக்கப்பட வேண்டும். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை வரவேண்டும். அந்த நோட்டை அப்படியே அவர்களிடம் காட்டுங்கள்.