களைக்கொல்லி தாங்கும் பயிர்கள்: பூசா நெல், டிஎம்எச்-11 கடுகு, கிளைபோசேட் பருத்தி

தில்லித் தமிழர்கள் கூடி இதைப் பேசினால் பாதி நேரம் ‘மரபணு மாற்றமா, இல்லையா’ என்பதிலேயே போய்விடும். சட்டத்துக்கு அது முக்கியம். களைக்கு அந்தக் கவலை கிடையாது.

தில்லியின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பாஸ்மதி நெல் வகைகளான 1979, 1985 இரண்டும் மரபணு மாற்றப் பயிர்கள் அல்ல. முன்னது பழைய பாஸ்மதி வகையான 1121-இன் வாரிசு, பின்னது 1509-இன் வாரிசு. களைக்கொல்லி மருந்தைத் தாங்கும் குணம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் நாகினா 22 நெல்லில் ரசாயனம் கொண்டு சடுதிமாற்றம் செய்து எடுத்த ‘ராபின்’ வகையிலிருந்து வந்தது. சரக்கு நம்மூருடையது, பெயர் பூசாவுக்கு! இமாஸெதாபைர் என்ற களைக்கொல்லி முடக்கும் நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால், மருந்து இந்த நெல்லைப் பிடிப்பதில்லை.

நாற்று நடாமல் வயலிலேயே விதைக்கும் நேரடி விதைப்புக்கு இது வரப்பிரசாதம்தான். விதைத்த ஓரிரு நாளில் ஈர மண்ணில், களை முளைப்பதைத் தடுக்கும் பெண்டிமெத்தலின், பிறகு களை இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது இமாஸெதாபைர். களை முற்றினால் பலன் குறையும். காற்றில் பக்கத்து வயலின் சாதா 1121 மேல் பட்டால் அது போச்சு. விதையில் கலப்படம் இருந்தால் மருந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய ஆபத்து களை நெல், அதாவது வயலில் களையாகவே முளைக்கும் நெல் இனம். மகரந்தம் வழியாக இதே குணம் அதற்குப் போனால் மருந்து வீண். அமெரிக்காவில் 2002-இல் வந்த கிளியர்ஃபீல்டு நெல்லில் அதுதான் நடந்தது. அதனால் ஒரே வயலில் தொடர்ந்து போடாதீர்கள், கதிர் வந்த களை நெல்லைக் கையால் பிடுங்குங்கள்.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் டிஎம்எச்-11 கடுகில் இருப்பது பாக்டீரியாவின் ‘பார்’ மரபணு. குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைச் செடிக்குள்ளேயே செயலிழக்க வைக்கும். ஆனால் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு 2022-இல் தந்த பரிந்துரைப்படி அந்த மருந்து வீரிய (ஒட்டு) விதை உற்பத்திக்கு மட்டும். உழவர் வயலில் அடிக்கக் கூடாது. களைக்காக இதை எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் பருத்திக்கு இந்தியாவில் அனுமதியே இல்லை, கள்ள விதைதான் ஓடுகிறது. அந்த மருந்து வேர்வரை இறங்கிக் கோரையையும் கொல்லும். ஆனால் போர்வெல் உப்புத் தண்ணீரிலோ கலங்கல் தண்ணீரிலோ கலந்தால் வேகம் குறைந்துவிடும். ரசீதில்லாத விதை முளைக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றில் இன்றைக்கு நேர்வழியில் கைக்கு எட்டுவது பூசா நெல்தான். இன்னொரு எச்சரிக்கை: இமாஸெதாபைர் மண்ணில் தங்கும், கடுகுக்கு அது ஆகாது. நெல்லுக்குப் பின் கடுகு போட நினைத்தால், அந்த வயல் மண்ணைத் தொட்டியில் அள்ளி நாலு கடுகு முளைக்கவிட்டுப் பாருங்கள்.