ஏசிஇ2 ஏற்பிப் புரதம், ஹிஸ் டேக் (சுத்திகரிப்புக்கான ஹிஸ்டிடின் வால்) உடன், 100 மைக்ரோகிராம்

மனித ஏசிஇ2 ஏற்பியில் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் மறுசேர்க்கை முறையில் (மரபணுவை வளர்ப்புச் செல்களில் புகுத்தி) தயாரித்து, உறைய வைத்து உலர்த்திய தூளாக விற்கும் இந்தக் குப்பியை எங்கள் ஆய்வகத்தில் ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறோம். 2003இல் சார்ஸ் வைரஸுக்கும், 2020இல் கோவிட்-19 வைரஸுக்கும் செல்லின் நுழைவாயில் என்று கண்டறியப்பட்ட ஏற்பி இதுதான். வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஸ்பைக் புரதம் இதனை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்று அளப்பதற்காகவே வாங்கினோம்.

முழுப் புரதத்தின் 805 அமினோ அமிலங்களில் 18 முதல் 740 வரையிலான பகுதியே இதில் உள்ளது. செல்சவ்வில் புதையும் துண்டு இல்லாததால் பிபிஎஸ் எனும் உப்புப் பஃபர் கரைசலில் எளிதாகக் கரைகிறது. மனிதச் செல்வரிசையான ஹெச்இகே293இல் தயாரித்ததன் விளைவை, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லிலேயே காணலாம். அமினோ அமிலக் கணக்குப்படி 85 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவில் நிற்க வேண்டிய பட்டை, 110க்கும் 120க்கும் இடையில் சற்று அகலமாகப் படிந்தது. முதன்முறை பார்க்கும் மாணவர்கள் மாசு என்று பயந்துவிடுகிறார்கள். அது அந்தச் செல்கள் புரதத்தின் மேல் ஏற்றியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் எடை.

ஆனால் பட்டை சரியாக இருப்பதால் மட்டும் புரதம் வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. முன்பு வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய குப்பி ஜெல்லில் குறையின்றித் தெரிந்தும் எலைசா என்ற பிணைப்புச் சோதனையில் ஸ்பைக்கைப் பிடிக்கவே இல்லை. இரண்டு வாரம் எங்கள் பஃபரைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். அதனால் இம்முறை முதல் நாளே நொதிச் செயல்பாட்டைச் சோதித்தேன். ஏசிஇ2 துத்தநாகத்தை நம்பியிருக்கும் நொதி என்பதால், வெட்டுப்பட்டால் ஒளிரும் பெப்டைடைச் சேர்த்ததும் ஒளி சீராக ஏறியது. துத்தநாகத்தைக் கவர்ந்துகொள்ளும் இடிடிஏ சேர்த்த கிண்ணத்தில் ஏறவில்லை. அந்த இரண்டு கோடுகளைத் திரையில் பார்த்த பிறகே எனக்கு நிம்மதி வந்தது.

பிணைப்பு வலிமையை அளப்போர் எஃப்சி (ஆன்டிபாடியின் வால்பகுதி) இணைத்த வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது. அது இரட்டையாகச் சேர்ந்து இரு கைகளாலும் பற்றுவதால், உண்மையைவிட வலுவான பிணைப்பாகத் தோன்றும்.

குறை என்றால், தரவுத்தாளில் உள்ள ஜெல் படம் நாங்கள் பெற்ற லாட்டுக்கு (தயாரிப்புத் தொகுதிக்கு) உரியது அன்று. மூடியில் ஒட்டும் தூளைத் திறக்குமுன் சென்ட்ரிஃபியூஜில் இறக்க வேண்டும் என்ற குறிப்பும் இல்லை. கரைத்தவுடன் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைத்துவிடுங்கள். மூன்றாம் முறை உருக்கிய பங்கில் எங்களுக்கு எலைசா சமிக்ஞை தெளிவாகக் குறைந்தது. அடுத்த ஆர்டரில் இதே லாட் எண்ணைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.