ஸ்டீம் வாக்கும்: வாங்கலாம், ஆனால் கத்தியை மூட்டை கட்டிவிட வேண்டாம்

தோலுரித்த மாட்டின் உடலில் ஒட்டிய கறையை வெந்நீரும் நீராவியும் கொண்டு உறிஞ்சி எடுக்கும் கருவி ஸ்டீம் வாக்கும். அமெரிக்க மாட்டிறைச்சி ஆலைகளில் 1990-களின் நடுவிலிருந்து இது புழங்கிவருகிறது. 1993-ல் சரியாக வேகாத ஹாம்பர்கர் வழியாக ஈ.கோலை ஓ157 என்ற ஆபத்தான குடல் பாக்டீரியா பரவி நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே, அரைத்த மாட்டிறைச்சியில் அந்தக் கிருமி இருந்தால் அது கலப்பட உணவு என்று அமெரிக்க வேளாண் துறையின் இறைச்சி ஆய்வுப் பிரிவான எஃப்.எஸ்.ஐ.எஸ். அறிவித்தது. தோலுரித்த உடலில் சாணமோ, இரைப்பைக் கழிவோ, பாலோ கண்ணில் படவே கூடாது. பட்டால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடவும் அனுமதி இல்லை. கத்தியால் செதுக்கி எடுக்க வேண்டும். கறை 1 அங்குலத்துக்குள் இருந்தால் மட்டும் இந்தக் கருவியைப் பயன்படுத்தலாம்.

கையில் பிடிக்கும் முனையின் நடுவில் 82 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீர் பீய்ச்சும். அதே இடத்தில் வாக்கும், நீரையும் அழுக்கையும் ஒட்டிய முடியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். முனைக்கு மேலும் கீழும் வரும் நீராவி அதைச் சூடாகவே வைத்திருக்கும். அந்தச் சூடு குறைந்தால், ஒரு மாட்டின் அழுக்கை அடுத்த மாட்டில் நாமே பூசுகிறோம் என்று அர்த்தம்.

கிருமி பெரும்பாலும் தோலிலிருந்துதான் வருகிறது. கத்தி தோலைத் திறக்கும் கோடுகளில், அதாவது பின்னங்கால், தொடை, நெஞ்சின் நடுக்கோடு ஆகிய இடங்களில் இந்தக் கருவி நன்றாகவே வேலை செய்கிறது. செதுக்கினால் போகும் கறியும் மிஞ்சுகிறது. சூடு பட்ட இடம் சற்று வெளுக்கும். குளிரூட்டிய பின் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சொதப்பல் நடப்பது ஆலையில் உடல்கள் நகரும் வரிசையின் வேகத்தில். முனை சதையோடு படிய வேண்டும். அவசரத்தில் தூக்கிப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் மேற்பரப்பு சூடேறாது, வெந்நீரும் கீழே வழிந்து அழுக்கைப் பரப்பும். கொழுப்பும் முடியும் அடைத்தால் உறிஞ்சும் விசை விழுந்துவிடும். நீளமான ஹோஸில் வரும் வழியிலேயே நீர் ஆறிவிடும். அதனால் வெப்பநிலையைக் கொதிகலன் பக்கத்தில் அளப்பது வீண்; முனையில் அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமி உடல் முழுக்க இருந்தால் இது ஒன்றும் செய்யாது. ஓ157 நூறுக்கும் குறைவான செல்கள் உள்ளே போனாலே நோய் தரக்கூடியது.

ஆகவே இதை மட்டும் நம்பி வாங்குவது காசுக்குக் கேடு. முழு உடலுக்கும் 74 டிகிரிக்கு மேல் வெந்நீர்க் குளியலோ, 5 சதவீதத்துக்கு மிகாத லாக்டிக் அமிலத் தெளிப்போ கூடவே வேண்டும். அமிலக் கரைசல் 55 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2013-ல் 2 முதல் 5 சதவீதம் வரை லாக்டிக் அமிலத்தை அனுமதித்தது. தெளிப்பு சாணத்தின் மேலேயே விழுந்தால் அமிலம் அங்கேயே வீணாகும். முதலில் கறையை எடுக்க வேண்டும், பிறகுதான் அமிலம்.

கருவிக்குச் செலவழிக்கும் முன் இரண்டு கத்தி முறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கையில் இருக்கும்போது மற்றொன்று 82 டிகிரி வெந்நீரில் கிடக்க வேண்டும். தோலில் முதல் கீறலைப் போட்டதும் கத்தியை மாற்றி, அடுத்த வெட்டை உள்ளிருந்து வெளியே இழுக்க வேண்டும். மலக்குடலைப் பை போட்டுக் கட்டுவதும், உணவுக்குழாயைக் கிளிப் போட்டு அடைப்பதும் குடல் எடுக்கும்போது சிந்துவதைத் தடுக்கும். இதற்கெல்லாம் ஆகும் செலவும் குறைவு.

கருவியை வாங்கினால் இரண்டு இடங்களில் ஆள் நிறுத்துங்கள்: தோலுரித்தவுடன் ஒன்று, கடைசிப் பரிசோதனைக்கு முன் ஒன்று.