முறுக்கு விற்க கரோசலா, டிக்டாக்கா, வாட்ஸ்அப்பா?

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் என் அண்ணி தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கிறார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து சின்னதாக வியாபாரம் செய்யலாம். ஆனால் வாசலில் விளம்பரப் பலகை மாட்டக் கூடாது. தேக்கா பக்கம் தீபாவளிச் சந்தையில் கடை போட வாடகை கட்டுப்படியாகாது. ஆக, கைப்பேசிதான் கடை. அதில் எந்தச் செயலி என்பதில்தான் வீட்டில் சண்டை.

பழைய பொருள், புதுப் பொருள் எல்லாம் வாங்கி விற்கும் கரோசல் செயலி 2012இல் இங்கேயே பிறந்தது. வாங்கும் எண்ணத்தோடுதான் தேடி வருவார்கள், சரி. ஆனால் பழைய சோபாவுக்குப் பேரம் பேசிப் பழகியவர்கள் முறுக்கு டப்பாவுக்கும் பேரம் பேசுவார்கள். அண்ணிக்கு அது ஒத்துவரவில்லை.

அடுத்தது குட்டி வீடியோ. பின்தொடர்பவர்கள் பத்துப் பேர்தான் என்றாலும், வீடியோ பிடித்துப்போனால் முன்பின் தெரியாதவர் திரைக்கும் போய்விடும். எண்ணெயில் முறுக்கு சிவக்கும் இருபது விநாடிக்கு இன்ஸ்டாகிராமில் பாராட்டு குவிந்தது. பாதி தமிழ்நாட்டிலிருந்து! "கோயம்புத்தூருக்கு அனுப்புவீங்களா அக்கா?" தபால் செலவுக்கு இன்னும் நாலு டப்பா சுட்டுவிடலாம். இந்தியாவில் 2020 முதல் டிக்டாக்குக்குத் தடை. அதனால் டிக்டாக்கில் பார்வை குறைவு, ஆனால் பார்ப்பவர்கள் இங்கே இருக்கும் உட்லண்ட்ஸ், தெம்பனிஸ்காரர்கள். முறுக்குக்கு அவர்கள்தானே வேண்டும்?

  

வாட்ஸ்அப் புது ஆளைக் கூட்டி வராது. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேர்தான், அதுவும் அண்ணியின் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். குறை மாதிரித் தெரிகிறது, இல்லையா? ஒற்றை அடுப்புக்காரருக்கு 256 பேரே அதிகம். எண்ணைச் சேமித்தவர் மறுபடியும் வாங்குவார். கைப்பேசி எண்ணை வைத்தே பணம் அனுப்பும் பேநவ்வில் அதே எண்ணுக்குக் காசும் வந்துவிடும், நடுவில் யாருக்கும் தரகு இல்லை.

அதனால் என் ஓட்டு வாட்ஸ்அப்புக்கு. டிக்டாக் ஆள் பிடிக்கட்டும், வீடியோ முடிவில் வாட்ஸ்அப் எண் இருந்தால் போதும். போன வருடம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே அண்ணி 'ஆர்டர் முடிந்தது' என்று போட்டுவிட்டார். அண்ணன் மட்டும் இன்னும் இன்ஸ்டாகிராம் பார்வை எண்ணிக்கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.