பாஸ்வேர்டு சரி, டிஸ்க் இமேஜ் திறக்கவில்லை: எச்டிஐயுடில் கை கொடுத்த கதை

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். ஊரார் பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரமெல்லாம் என்னிடம் இருக்கும். அவற்றை மேக்கில் ஒரு டிஎம்ஜி ஃபைலுக்குள் (திறந்தால் தனி டிரைவ் போலத் தெரியும் டிஸ்க் இமேஜ்), 256 பிட் ஏஇஎஸ் என்ற குறியாக்கப் பூட்டு போட்டு 2021 முதல் வைத்திருக்கிறேன். அக்கா மகன் எழுதித் தந்த சின்ன ஸ்கிரிப்ட்தான் (கட்டளைகளைத் தானே ஓட்டும் குட்டி நிரல்) அதை உருவாக்கியது, தினமும் திறப்பதும் அதுவே. பாஸ்வேர்டு கேட்கும், அடிப்பேன், திறக்கும்.

பழைய மேக்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினேன். பேக்கப் டிரைவிலிருந்து அந்த ஃபைலை மட்டும் எடுத்துப் போட்டு டபுள் கிளிக் செய்தால், பாஸ்வேர்டு தவறு என்கிறது. கேப்ஸ் லாக் பார்த்தாயிற்று. தமிழ் விசைப்பலகை ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. பாஸ்வேர்டை டைரியில் எழுதி வைத்த ஆள் நான் (கூடாதுதான்). ஓர் எழுத்தும் மாறவில்லை.

டேட்டா மீட்டுத் தரும் கடை ஒன்றில் கேட்டேன். ஃபைல் கெட்டுவிட்டது, உடைத்துத் தர 8,000 ரூபாய் என்றார்கள். பாஸ்வேர்டை யூகித்து யூகித்துப் பார்க்கலாமே தவிர, அந்தப் பூட்டையே உடைக்க எந்தக் கடையாலும் முடியாது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

எச்டிஐயுடிலுக்கு வருகிறேன். டிஸ்க் இமேஜ்களை உருவாக்க, திறக்க, சோதிக்க மேக்கோடு இலவசமாக வருகிற கருவி. ஜன்னல், பொத்தான் எதுவும் கிடையாது, டெர்மினலில் கட்டளை அடிக்க வேண்டும். முதலில் ‘இஸ்என்கிரிப்டட்’ கட்டளையைக் கொடுத்தேன். பாஸ்வேர்டே கேட்காமல், பூட்டு இருக்கிறது, அதற்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு என்று சொன்னது. பாதி உயிர் வந்தது. இமேஜின் உண்மையான சாவி அதன் தலைப்பகுதியில், நம் பாஸ்வேர்டால் மூடி வைக்கப்பட்டிருக்கும். அந்தத் துண்டு அழிந்தால் பாஸ்வேர்டு தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. பேக்கப் டிரைவில் உள்ள ஃபைலையும் புது மேக்கில் உள்ளதையும் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போட்டு ஒப்பிட்டேன், இரண்டும் ஒன்றே. அப்படியானால் காப்பி செய்ததில் கோளாறு இல்லை.

அப்புறம்தான் மருமகனுக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “மாமா, அந்த ஸ்கிரிப்ட்ல எக்கோன்னு போட்டிருந்தேனா, பிரின்ட்எஃப்னா?”

விஷயம் அங்கேதான் இருந்தது. எக்கோ என்ற கட்டளை வழியாகத்தான் ஸ்கிரிப்ட் என் பாஸ்வேர்டை எச்டிஐயுடிலுக்கு அனுப்பிவந்தது. அது, நாம் கொடுக்கும் எழுத்துகளின் கடைசியில் ஒரு என்டரையும் சேர்த்து அனுப்பும். பிரின்ட்எஃப் கட்டளை அப்படித் தானாகச் சேர்க்காது. எச்டிஐயுடில் அந்த என்டரையும் பாஸ்வேர்டின் ஓர் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் வழியே பூட்டி ஸ்கிரிப்ட் வழியே திறந்தவரை இது தெரியவே இல்லை. பாஸ்வேர்டு கேட்கும் ஜன்னலில் என்டரைத் தட்டினால் அது ‘ஓகே’ ஆகிவிடும், எழுத்தாகச் சேராது. டெர்மினலில் எக்கோ வழியாக அதே பாஸ்வேர்டை அனுப்பினேன். இரண்டு விநாடியில் டிரைவ் வந்து நின்றது.

இதில் கருவியைக் குறை சொல்ல முடியாது. என்டரும் பாஸ்வேர்டில் சேரும் என்ற எச்சரிக்கை அதன் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கையேடு கம்ப்யூட்டர்காரர்களுக்காக எழுதியது, என்னைப் போன்றவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். அதனால் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். டெர்மினல் பக்கமே போகாதவர், மேக்கில் ஜன்னலும் பொத்தானும் உள்ள டிஸ்க் யுடிலிட்டி செயலியில் இமேஜ் உருவாக்கினால் இந்தத் தொல்லையே வராது.

நானும் அதில் புது இமேஜ் ஒன்று செய்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டேன். மிச்சமான 8,000-இல் பாதி தனக்கு என்கிறான் மருமகன்.