போர்ன் ஃப்ரீ: ஒன்பது நிமிடப் பதற்றம்

பாடகி எம்.ஐ.ஏ.யின் ‘போர்ன் ஃப்ரீ’ (2010) பாடல் காணொளியை இயக்கியவர் ரொமைன் காவ்ராஸ். அமெரிக்கக் கொடி தைத்த சீருடைக்காரர்கள் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து, செந்நிற முடிக்காரர்களை மட்டும் பிடித்துப் பேருந்தில் ஏற்றுகிறார்கள். எந்த இனத்தையும் பெயர் சொல்லாமல் முடி நிறத்தை அடையாளமாக்கியதுதான் இதன் பலம். பாடகியின் ஈழத்தமிழ்ப் பின்னணி தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கையில் பிடித்த கேமரா ஆட்களோடு சேர்ந்து ஓடுவதால் செய்திப்படம் பார்க்கும் பதற்றம் வருகிறது. பாடகி முகமே காட்டாதது அருமையான முடிவு.

சறுக்கல் கடைசிப் பகுதியில். சிறுவனைத் தலையில் சுடுவதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணிவெடியில் இன்னொருவரின் உடல் சிதறுவதையும் காட்டியதால் பேச்சு அடக்குமுறையை விட்டு ரத்தத்தின் பக்கம் போனது. யூடியூபிலும் கட்டுப்பாடு வந்தது. பிள்ளைகள் அருகில் இல்லாதபோது, முழுதாகப் பாருங்கள்.